புத்தி சொல்லாத மேடம்

போன மாதம் எங்கள் தபால் ஆபீஸ் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. பணம் கட்டி வாங்க வேண்டிய பார்சல். சுருக்குப் பையிலிருந்து நூறும் ஐம்பதுமாக எண்ணிக் கொடுத்தார். பார்சல் கைக்கு வந்த பிறகும் நகரவில்லை. பின்னால் வரிசையில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "மேடம், இது கேட்குமா?" என்றார்.

பெட்டி மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம் என்று, அந்தப் பொடிதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசினேன். அரை மணி நேரம் போதவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பெரும்பகுதி அவனுடைய கதை.

அந்தப் பொடியை எங்கள் அம்மாவும் வாங்கியிருக்கிறார். 2009இல். அப்பா அப்போது மதுரை யானைக்கல் பக்கம் பழக்கடைகளுக்கு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். குடிக்காமல் வீட்டுக்கு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்மா பொடியை ரசத்தில் கலந்து நாலு நாள் கொடுத்தார். ஐந்தாம் நாள் ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பு. மூச்சிரைப்பு, நிற்காத வாந்தி. நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "சாப்பாட்டுல ஏதாவது கலந்தீங்களாம்மா?" என்று கேட்டபோது அம்மா வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

அதில் டைசல்ஃபிராம் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். 1940களில் டென்மார்க்கில் குடிக்கு மருந்தாகக் கண்டறியப்பட்டது அது. மது உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். பிறகு அந்த நஞ்சும் உடைந்து வெளியேறும். இந்த மருந்து அந்த இரண்டாவது வேலையை நடக்க விடாது. நஞ்சு தேங்கி, குடித்த ஆளைப் படுத்தி எடுத்துவிடும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது உதவும் மருந்துதான். தெரியாமல் கொடுத்தால், அதுவும் இதயக் கோளாறு இருக்கிறவருக்கு, உயிரே போகலாம்.

அப்பா பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் ரசம் ஊற்றிக்கொள்ளவே இல்லை. அம்மா தட்டில் எதை வைத்தாலும் முதல் வாய் என்னைச் சாப்பிடச் சொல்லி, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார். 2012இல் கல்லீரல் கெட்டு இறந்தார். வயது 51. அத்தனை வருடத்தில் அவருக்குப் புத்தி சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. பெரியப்பா சொன்னார், மாமா சொன்னார், கோயில் பூசாரி கையில் கயிறு கட்டிவிட்டுச் சொன்னார். ஏன் குடிக்கிறாய் என்று கேட்டு, பதில் வருகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை. நானும் அப்படி உட்கார்ந்ததில்லை.

தம்பிக்கு வருகிறேன். அவன் டூவீலர் மெக்கானிக், செல்லூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை. 2020 கடைசியில் பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். மெக்கானிக் வேலை என்றால் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார வேண்டும். வலி தாங்காமல் அவதிப்பட்டவனுக்குக் கூட வேலை பார்த்த பையன் ஒரு மாத்திரை கொடுத்தான். டேபென்டடால். ஓபியாய்டு, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. ஆனால் கிடைத்தது. முதலில் விழுங்கிக்கொண்டிருந்தான். சில மாதத்திலேயே பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டான். நான் எப்போது கண்டுபிடித்தேன் தெரியுமா? மே மாதம், மதுரை வெயிலில், வீட்டுக்குள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடும்போதும் கையை மடித்துவிடவில்லை. சோறும் குழம்பும் சட்டைக்கையில் பட்டது.

அப்புறம் எல்லா வீட்டிலும் நடப்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. அம்மாவின் தோடு போனது. அவன் பைக் தவணையை நான் கட்டினேன். வேலைக்குப் போகாத நாட்களில் ஒர்க்ஷாப் முதலாளிக்கு நானே போன் செய்து "காய்ச்சல்ண்ணே" என்று சொன்னேன். கத்தினேன், அழுதேன், செத்துப்போன அப்பாவைக் காட்டிச் சத்தியம் வாங்கினேன். அவனும் ஒவ்வொரு முறையும் மனதாரச் சத்தியம் செய்தான்.

2022 தொடக்கத்தில் அவனை ஒரு போதை மீட்பு மையத்துக்கு அனுப்பினேன். அனுப்பினேன் என்று எழுதுவது சரியில்லை. அந்த மையத்திலிருந்து ஒரு வேன் வந்தது, விடியற்காலை ஐந்து மணிக்கு. நாலு பேர் இறங்கித் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்துவிட்டது நான். "வேணாம்க்கா, நானே வாறேன்க்கா" என்று அவன் வேனுக்குள்ளிருந்து சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

மூன்று மாதம். மாதாமாதம் பணம் கட்டினோம். போன் செய்தால், "தினமும் கவுன்சிலிங் நடக்குதும்மா, பையன் நல்லா இருக்கான்" என்பார்கள். உண்மையில் அங்கே டாக்டரே இல்லை. மாத்திரை நின்ற முதல் ஒரு வாரம் மூக்கு ஒழுக, கொட்டாவி கொட்டாவியாக வர, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிய, கால் தானாக உதைத்துக்கொள்ள, வயிற்றுப்போக்கோடு ஒரு ஹாலின் மூலையில் கிடந்திருக்கிறான். கவுன்சிலிங் என்று அவர்கள் சொன்னது இதுதான்: முப்பது பேரை உட்கார வைத்து ஒருவர் நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தான் குடும்பத்தைக் கெடுத்தவன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வாடா, போடா என்றுதான் கூப்பிடுவார்கள். போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பும் 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது என்பதோ, சங்கிலியால் கட்டிப் போடுவதும் கொடுமைப்படுத்துவதும் அந்தச் சட்டப்படி கூடாது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. வேனுக்குப் பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்த நாலாம் நாள் பாத்ரூம் கதவை உடைத்து அவனை எடுத்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி ஒரு சத்தம். 108 வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நலாக்சோன் என்ற ஊசி போட்டார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணைத் திறந்தான். செத்தவன் எழுந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த ஊசியின் வேலை கொஞ்ச நேரத்துக்குத்தான், மறுபடி மூச்சு இறங்கலாம் என்று ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கிருந்த டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓபியாய்டு எடுக்க எடுக்க உடம்பு அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும், அதனால்தான் அளவு ஏறிக்கொண்டே போகும். சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஆனால் கைக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். வெளியே வந்து பழைய அளவை ஒரே ஒரு முறை ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். மையத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வருகிற முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. மூன்று மாதத்தில் அவனுக்கு ஆயிரம் புத்தி சொன்னவர்கள் இந்த ஒன்றைச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

மனநலப் பிரிவு டாக்டர், "கவுன்சிலரைப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார். அம்மா பதறிப்போய், "வார்டு கவுன்சிலர் கையெழுத்து இதுக்கு எதுக்கு சார்?" என்றார். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு அந்த ஒரு அர்த்தம்தான். போய்ப் பார்த்தால், கட்டடத்துக் கோடியில் ஒரு சின்ன அறை, மேஜை மேல் தண்ணீர் பாட்டில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

அம்மா நுழைந்ததும் சொன்னது: "நீங்க நாலு நல்ல புத்தி சொல்லுங்க மேடம். உங்க பிள்ளையா நெனச்சு ரெண்டு அடி போட்டாலும் சரி."

"அதெல்லாம் அவருக்கு நிறையக் கிடைச்சிருக்கும்மா. நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்றார் மேடம்.

வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தம்பி வெளியே வந்து முதலில் சொன்னது இது: "அக்கா, அவங்க என்னைய நீங்கன்னு சொன்னாங்க."

என்ன பேசினீர்கள் என்று நான் குடைந்தபோது, மேடம் தன்னிடம் கேட்ட முதல் கேள்வியைச் சொன்னான். "மாத்திரையால உங்களுக்கு என்ன நல்லது கிடைச்சுது?" எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சாகக் கிடந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்த முறை அவன் கொண்டு வந்த தாளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரு வெள்ளைத் தாளை நாலு கட்டமாகப் பிரித்திருந்தார்கள். எடுப்பதில் என்ன நல்லது, எடுப்பதில் என்ன கெட்டது, நிறுத்தினால் என்ன நல்லது, நிறுத்தினால் என்ன கெட்டது. முதல் கட்டத்தில் அவன் எழுதியிருந்தான்: 'கால் வலி தெரியாது. தூக்கம் வரும். அப்பா செத்த அன்னைக்கு நான் கிரிக்கெட் விளையாடப் போனது ஞாபகம் வராது.'

அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினாலு வயது. பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்குத் தெரியாது.

நாலாவது கட்டத்தில், நிறுத்தினால் என்ன கெட்டது என்பதற்கு, 'சாயங்காலம் 6 மணிக்கு மேல எங்க போறதுன்னு தெரியல' என்று எழுதியிருந்தான். மேடம் வேலையை ஆரம்பித்தது அந்த வரியிலிருந்துதான்.

இன்னொரு நாள், 0 முதல் 10 வரைக்கும் ஒரு எண் சொல்லச் சொல்லியிருக்கிறார், நிறுத்துவது உங்களுக்கு இப்போது எவ்வளவு முக்கியம் என்று. தம்பி 4 என்றானாம். நான் அங்கே இருந்திருந்தால், "செத்துப் பொழச்சிருக்க, நாலுதானா?" என்று கத்தியிருப்பேன். மேடம், "ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நிறுத்துவதற்கான காரணங்களை அவன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். சொன்னான். அம்மாவின் வெறும் காது. கையில் ஆறாத புண். அப்புறம், ஒர்க்ஷாப் முதலாளி இத்தனைக்குப் பிறகும் அவனுடைய ஸ்பானர் பெட்டியை வேறு பையனுக்குக் கொடுக்காமல் அலமாரியில் வைத்திருப்பது.

இந்த முறையைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல், குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பேசுவது பற்றி எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து புத்தகமாக எழுதினார். 1993இல் மில்லரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்த்துப் பேசி மடக்கினாரோ, அந்த அளவுக்கு வந்தவர் ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்திருக்கிறது. படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் வெகு நேரம் நின்றேன். அப்பாவிடமும் தம்பியிடமும் பதினைந்து வருடமாக நான் செய்தது அந்த ஒன்றைத்தான்.

பேச்சு மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓபியாய்டு பழக்கத்துக்குப் பேச்சு மட்டும் போதாது. டாக்டர் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை கொடுத்தார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். அதுவும் ஓபியாய்டுதான், ஆனால் உடல் முறுக்கலையும் ஏக்கத்தையும் அடக்கி ஆளை நிதானத்தில் வைக்கும். அம்மா, "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லி அடம் பிடித்தார். மேடம் அம்மாவைத் தனியாக உட்கார வைத்து, சர்க்கரை வியாதிக்கு அம்மா தினமும் சாப்பிடும் மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசினார். அவசரப்பட்டு இதை நிறுத்தினால் பழையபடி பாத்ரூம் கதவை உடைக்க வேண்டி வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து, அவன் மாத்திரை போட்டானா என்று ஞாபகப்படுத்துவதே அம்மாதான்.

எங்களுக்கும் தனியாகக் கவுன்சிலிங் உண்டு என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தப்புச் செய்தவன் அவன், நான் ஏன் வர வேண்டும்? போனேன். மேடம் என்னிடம் கேட்டார்: "அவர் வீட்டுக்கு வந்ததும் நீங்க முதல்ல என்ன செய்வீங்க?" யோசித்தேன். சட்டைக் கையை ஏற்றிப் பார்ப்பேன். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பேன், கண்மணி சுருங்கியிருக்கிறதா என்று. சட்டைப் பையில் கை விடுவேன். "சரி, அதை இனிமே எங்கிட்ட விட்டுடுங்க. சிறுநீர் பரிசோதனை இங்கயே இருக்கு. வீட்டுல நீங்க அக்காவா மட்டும் இருங்க" என்றார். எவ்வளவு பெரிய சுமை அது என்று இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா இனிமேல் அவன் கையில் ரொக்கம் கொடுப்பதில்லை, நான் அவனுக்காக முதலாளியிடம் பொய் சொல்வதில்லை, பழையதை எடுத்துப் பேசுவதில்லை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி நாங்கள் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவதுதான் கஷ்டம். நான் இரண்டு முறை மீறியிருக்கிறேன். இரண்டு முறையும் போய்ச் சொன்னேன்.

அம்மாவிடம் ஒரு நாள் மேடம் சாந்தி ரங்கநாதனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த இளம் விதவை. 1980இல் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை மையத்தை ஆரம்பித்தவர். குடிப்பவர் மட்டுமல்லாமல் வீட்டில் இருப்பவர்களும் சிகிச்சைக்குள் வர வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே செய்து காட்டியவர். 1992இல் பத்மஸ்ரீ வாங்கினார். பஸ்ஸில் வரும்போது அம்மா என்னிடம், "அந்தம்மா வீட்டுக்காரரும் குடிச்சுத்தான் செத்தாராம். அவங்க வெளிய சொல்லிருக்காங்க பாரு" என்றார். எங்கள் அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தார் என்றுதான் அம்மா அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏக்கம் வரும் நேரத்துக்கு மேடம் தம்பிக்குக் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஏக்கம் அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும், நீங்க அதை எதிர்த்து நீந்த வேண்டாம், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார். முதல் நாள் 6.10க்கு ஆரம்பித்தது 6.37க்கு இறங்கியது என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில், எங்கே, யாரோடு, பசியா, கோபமா, அசதியா. ஒரு மாதம் ஆன பிறகு நோட்டைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பெரும்பாலான நாட்கள் மத்தியானம் சாப்பிடாத நாட்கள். மேடம் அதைச் சொல்லவில்லை, அவனையே எண்ணச் சொன்னார். முதலாளியிடம் பேசி ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை வாங்கிக்கொண்டான். 6 மணிக்கு மேல் எங்கே போவது என்பதற்கு, பிளேட் வைத்த காலுக்கான பிசியோதெரபியைச் சாயங்கால நேரத்துக்கு மாற்றிக்கொண்டான்.

ஐந்தாவது மாதம் ஒரு முறை எடுத்துவிட்டான். அவனே வந்து சொன்னான், ராத்திரி ஒன்பதரைக்கு, வாசல்படியில் நின்றபடி. எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கும் அப்படித்தான். போச்சு, இனி என்ன, இன்னும் கொஞ்சம் போட்டால்தான் என்ன என்று தோன்றுமே, அந்த எண்ணம்தான் ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்கும் என்று மேடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். மறுநாள் போனோம். திட்டவில்லை. ஆறுதல்கூட அதிகம் சொல்லவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டே போனார், நோட்டில் எழுதியபடி. எடுத்தது எட்டரைக்கு. அதற்கு முன்? கல்பாலம் வழியாக வந்தான். தினமும் வருகிற வழி அதுவா? இல்லை, தினமும் மேம்பாலம். நேற்று ஏன் மாறியது? ஒரு நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு மொய் எழுதணும். அந்த நண்பன் யார்? பழைய கூட்டத்தில் ஒருவன். பத்திரிகை எப்போது வந்தது? மூன்று நாள் முன்பு. வீட்டில் சொன்னீர்களா? சொல்லவில்லை.

சறுக்கியது எட்டரைக்கு இல்லை என்று அவனே கண்டுபிடித்தான். மூன்று நாள் முன்பு, பத்திரிகையை மடித்து பைக் சீட்டுக்கு அடியில் வைத்தானே, அப்போதே. அதற்குப் பிறகு அவன் எந்தப் பத்திரிகையையும் ஒளித்ததில்லை. வேண்டாத கல்யாணங்களுக்கு மொய்யை நான் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள் எல்லாரும் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும் மேடம்தான் அவனைத் தயார் செய்தார். எச்ஐவி இல்லை. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருந்தது. அந்த ரிசல்ட்டோடு மட்டும் வீட்டுக்கு வந்திருந்தால் அன்றைக்கு ராத்திரியே மறுபடி ஊசிக்குப் போயிருப்பான் என்று பின்னால் என்னிடம் சொன்னான். அரசு ஆஸ்பத்திரியில் இலவச மருந்து இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் குணமாகும் என்று அந்த அறையிலேயே கேட்டுவிட்டு வந்ததால் நிதானமாக இருந்தான். 84 நாள், ஒரு நாள் விடாமல் சாப்பிட்டான். குணமானது. தீர்ந்த டப்பா ஒன்று இன்னும் ஒர்க்ஷாப்பில் இருக்கிறது, அதில் வாஷர் போட்டு வைத்திருக்கிறான்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. முதலில் வாரா வாரம் போனவன், அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, இப்போது மாதம் ஒரு முறை போகிறான். புப்ரெனார்ஃபின் அளவை டாக்டர் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். ஸ்பானர் பெட்டி அவன் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

டீக்கடையில் அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்ல நேரம் இல்லை. அவர் கணவர் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்று சொன்னார். அதனால் முதலில் இதைச் சொன்னேன்: அப்படிக் குடிக்கிறவரை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து இல்லாததெல்லாம் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. முதல் சில நாளை டாக்டரிடம் விட வேண்டும். எந்த மையமானாலும், டாக்டர் இருக்கிறாரா, தனியாக உட்கார்ந்து பேசுகிறார்களா, வீட்டு ஆட்களையும் கூப்பிடுகிறார்களா, வெளியே வந்த பிறகும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். வேன் அனுப்புகிறேன் என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 14446க்குப் போன் செய்தால் போதை மீட்புக்கான ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். மனசு தாங்காத ராத்திரிகளுக்கு 14416.

"அவரு வர மாட்டாரே மேடம்" என்றார்.

எங்கள் மேடம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அவர் வராவிட்டால் பரவாயில்லை, முதலில் நீங்கள் போங்கள்.

பார்சலைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அதைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு நடந்ததை மட்டும் சொன்னேன், ரசம் ஊற்றிக்கொள்ளாததையும் சேர்த்து.

போன திங்கட்கிழமை மகளின் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வந்தார். வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள், பேச முடியவில்லை. பாஸ்புக்கை நீட்டும்போது குனிந்து, "நான் மட்டும் போனேன் மேடம்" என்றார். "வர்ற செவ்வாக்கிழமையும் வரச் சொல்லியிருக்காங்க."